முதல் மாத்திரைக்கு முன் இரண்டு ஊசி: அக்கித் தடுப்பு குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிறுநீரகம், புற்றுநோய், ரத்தநோய், மூட்டுவாதம், தோல், ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) பிரிவுகளை நடத்தும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

சிறுநீரகம் மாற்றி வைத்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு பை நிறைய மருந்து கொடுத்து அனுப்புகிறோம். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரட்னிசோலோன். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் காப்பவை இவை. ஆனால் சின்னம்மை வந்து போன நாளிலிருந்து அவருடைய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கிருமிக்குப் போட்டிருந்த காவலையும் இதே மருந்துகள்தான் தளர்த்துகின்றன. சில மாதங்களோ சில வருடங்களோ கழித்து அந்தக் கிருமி அக்கியாக எழுந்து, அவர் விலாவில் எரிச்சலோடு வந்து நிற்கும்போது, இதைத் தடுத்திருக்கலாமே என்ற பேச்சு எழுகிறது. தடுத்திருக்க முடியும். அதற்கான நேரம் எது, அந்த நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வரையறுத்துத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

வாரிசெல்லா சோஸ்டர் என்ற இந்தக் கிருமி சின்னம்மை ஆறிய பிறகும் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் முகத்துக்குப் போகும் நரம்புகளின் முடிச்சுகளிலும் தங்கிவிடுகிறது. அதை எழவிடாமல் வைத்திருப்பதில் பெரும்பங்கு டி அணுக்கள் எனும் ஒரு வகை வெள்ளணுக்களுடையது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தாலும் டி அணுக்கள் சோர்ந்தால் கிருமி நரம்பு வழியே இறங்கித் தோலுக்கு வந்துவிடும். வயதானால் அக்கி வருவதற்கும், இளம் வயதிலேயே எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு வருவதற்கும் காரணம் ஒன்றுதான். நல்ல உடம்புக்காரருக்கு ஒரு பட்டையாக வந்து மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிடுவது, நாம் பேசும் ஆட்களுக்குப் பல பட்டைகளுக்குப் பரவலாம், நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் போகலாம், ஆறியது மறுபடி வரலாம். ஆறிய பிறகும் மாதக்கணக்கில் விடாத நரம்பு வலி வேறு.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதில் எங்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள் முதல் வரிசை. அடுத்து மையலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய்க்கு போர்டிசோமிப் ஊசி போடுபவர்கள். அந்த மருந்தை டெக்ஸாமெத்தசோனோடு ஒப்பிட்ட ஆய்வில் போர்டிசோமிப் பக்கம் 13 சதவீதம் பேருக்கும் மறுபக்கம் 5 சதவீதம் பேருக்கும் அக்கி வந்தது. உறுப்பு மாற்று செய்தவர்கள், எதிர்ப்பாற்றலே சொந்த உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய்க்கு சைக்ளோபாஸ்பமைடோ மைக்கோஃபினோலேட்டோ எடுப்பவர்கள், ரத்தப் புற்றுநோய்க்காரர்கள், சி.டி.4 (டி அணுக்களில் ஒரு வகை) எண்ணிக்கை இறங்கிய எச்.ஐ.வி. உள்ளவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

பலர் கவனத்தில் படாத இன்னொரு கூட்டம் இருக்கிறது: டோஃபாசிடினிப், பாரிசிடினிப் போன்ற ஜாக் தடுப்பு மாத்திரை (எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஜாக் நொதிகளை மடக்குவது) எடுப்பவர்கள். உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்தபின் டோஃபாசிடினிப் விலை இறங்கிவிட்டது. மூட்டுவாதத்துக்கு மட்டுமன்றி முடி உதிர்வுக்கும் வெண்புள்ளிக்கும்கூட எழுதப்படுகிறது. அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டும் மாத்திரைகளில் இது முன்னணியில் நிற்பது. எழுதுவதற்கு முன் காசநோய்ப் பரிசோதனையும் மஞ்சள் காமாலைப் பரிசோதனையும் கேட்கப் பழகிவிட்டோம். அக்கியைப் பற்றிக் கேட்க இன்னும் பழகவில்லை.

இனி தடுப்பூசி. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் வருவது உயிருள்ள கிருமி இல்லாத ஊசி. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதத்தை, கிளைகோபுரதம் ஈ என்பதை, 50 மைக்ரோகிராம் அளவில் எடுத்து, எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளோடு சேர்த்திருக்கிறார்கள். உயிருள்ள கிருமி இல்லாததால் எதிர்ப்பாற்றல் எவ்வளவு குறைந்தவருக்கும் இந்த ஊசியால் அக்கியோ அம்மையோ வராது. 50 வயதைக் கடந்த, வேறு குறை இல்லாதவர்களிடம் செய்த ஆய்வில் 97 சதவீதம் தடுத்தது. தன் சொந்த மஜ்ஜை அணுக்களையே திரும்பப் பெற்ற நோயாளிகளிடம் செய்த ஆய்வில் அது 68 சதவீதமாக இறங்கியது. இறங்கியிருக்கிறதே என்று தயங்கத் தேவையில்லை. அக்கி மிக எளிதாக வரும் அந்தக் கூட்டத்தில் மூன்றில் இரண்டைத் தடுப்பது பெரிய காரியம். ஆனால் ஊசி போட்டாகிவிட்டது, இனி வராது என்று நோயாளியிடம் சொல்லி அனுப்பவும் கூடாது.

அமெரிக்காவில் 2021 ஜூலையில், எதிர்ப்பாற்றல் குறைந்த 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் இதை அனுமதித்தார்கள். இந்தியாவில் 2023 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தபோது 50 வயதைக் கடந்தவர்களை முன்வைத்தே வந்தது. லூபஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போரிலும் 30, 40 வயதுக்காரர்கள் நிறைய. ஆகவே 18 முதல் 49 வரை உள்ள எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இந்த ஊசியை எப்படிக் கொடுப்பது என்று துறையே ஒரு வழிகாட்டுதல் வெளியிட வேண்டும். இப்போது அது ஒவ்வொரு டாக்டரின் தனித் துணிச்சலைப் பொறுத்ததாக இருக்கிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தெளிவாக்க விரும்புகிறோம். குழந்தைகளுக்குப் போடும் சின்னம்மைத் தடுப்பூசி வேறு, இது வேறு. சின்னம்மை ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. இரண்டும் ஒரே கிருமிக்குத்தானே, அது விலை குறைவுதானே என்று மாற்று உறுப்போடு இருப்பவருக்கோ கீமோ நடப்பவருக்கோ அதைப் போட்டுவிட்டால், ஊசியில் இருந்த கிருமியே உடம்பெங்கும் பரவலாம். அக்கிக்கென முன்பு வந்த உயிருள்ள தடுப்பூசியால் எதிர்ப்பாற்றல் குறைந்த சிலர் ஆஸ்திரேலியாவில் உயிரிழந்தது பதிவாகியிருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது எப்போது போடுகிறோம் என்பது. பொதுவாக இரண்டு தவணைக்கு நடுவே 2 முதல் 6 மாதம் இடைவெளி. சீக்கிரம் பாதுகாப்பு தேவைப்படும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு 1 முதல் 2 மாதம் போதும். 4 வாரத்துக்கு முன்னால் போட்டால் இரண்டாவது தவணை கணக்கில் சேராது. 6 மாதம் தாண்டிவிட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இரண்டாவதைப் போட்டால் போதும். ஆக, எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்தைத் தொடங்கும் முன் நமக்கு ஐந்தாறு வாரம் கிடைத்தால் இரண்டையும் முடித்துவிடலாம்.

அந்த ஐந்தாறு வாரம் கிடைப்பதில்லை என்பார்கள். சிறுநீரகப் பிரிவில் நிச்சயம் கிடைக்கிறது. டயாலிசிஸ் நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில், அதே நாற்காலிக்கு வருகிறார். உயிரோடு இருப்பவர் தானம் தரும் மாற்று என்றால் பரிசோதனைகள், கோட்டாட்சியர் அலுவலகம், அங்கீகாரக் குழு என்று காகிதம் நகரவே மாதங்கள் ஆகின்றன. மூளைச்சாவு தானத்துக்குப் பதிந்தவர் வருடக்கணக்கில் வரிசையில் இருக்கிறார். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை டயாலிசிஸ் யூனிட்டில் தவறாமல் போடுகிறோம் அல்லவா? அதே பதிவேட்டில் இதற்கும் ஒரு கட்டம் போட்டால் வேலை முடிந்தது. மாற்று நடந்த பின்தான் பேச்சு வருகிறது என்றால் குறைந்தது 6 முதல் 12 மாதம் பொறுத்து, உறுப்பு நிலைகொண்டு மருந்தளவு இறங்கியபின் போட வேண்டியிருக்கும். ஆபத்து மிகுந்த முதல் வருடம் அப்படியே காவலின்றிப் போய்விடும்.

மற்ற பிரிவுகளுக்குக் கணக்கு வேறு. கீமோ தொடங்குபவருக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு தவணையாவது போட முடிந்தால் நல்லது. அதற்காகக் கீமோவைத் தள்ளிப்போடக் கூடாது. முடியாவிட்டால் இரண்டு சுற்றுக்கு நடுவே, அணுக்கள் தேறிய நாளாகப் பார்த்துப் போடலாம். தன் மஜ்ஜை அணு மாற்று என்றால் முடிந்து 3 முதல் 12 மாதத்துக்குள், பிறர் மஜ்ஜை என்றால் 6 முதல் 12 மாதத்துக்குள். அசைக்ளோவிர் போன்ற வைரஸ் தடுப்பு மாத்திரையை நிறுத்துவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஊசி வேலை முடிந்திருக்க வேண்டும். மாத்திரையின் காவல் முடிகிற இடத்தில் ஊசியின் காவல் தொடங்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

எதிர்ப்பொருள் உருவாக்கும் பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் போடுபவர்களிடம்தான் கணக்கு அதிகம் தவறுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த மருந்து ஏறுகிறது என்றால் நான்காவது மாத முடிவில் முதல் ஊசி, ஐந்தாவது மாத முடிவில் இரண்டாவது. அடுத்த ரிட்டுக்சிமாபுக்கு நான்கு வாரம் இருக்கும்போதே இரண்டும் முடிந்துவிடும். ரிட்டுக்சிமாப் ஏற்ற வந்த நாளிலேயே, வந்ததுதான் வந்தார் என்று இந்த ஊசியையும் போட்டு அனுப்பினால் காசும் வீண், ஊசியும் வீணாகலாம். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் இந்த ஊசிக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. பிரட்னிசோலோன் தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ போய்க்கொண்டிருந்தால், நோய் இடம் கொடுக்கும்பட்சத்தில், அதற்குக் கீழே இறங்கும்வரை பொறுக்கலாம். ஒரு மாதம் பொறுப்பதில் தவறில்லை. பொறுக்கிறோம் என்று சொல்லி மறந்துவிடுவதுதான் தவறு.

ஊசிக்கு முன் நோயாளியிடம் ஒரு கேள்வி: சின்னம்மை வந்திருக்கிறதா? இந்தக் கேள்வியை நம் ஊரில் அப்படியே கேட்டால் பதில் சரியாக வராது. தட்டம்மையும் அம்மைதான், மணல்வாரியும் அம்மைதான், பொன்னுக்குவீங்கிக்கும் வேப்பிலைதான். “உடம்பு முழுக்க நீர் கோத்த கொப்புளம் வந்து, பொருக்கு தட்டி உதிர்ந்ததா? வீட்டில் வேறு யாருக்கும் அதே சமயம் வந்ததா?” என்று கேட்க வேண்டும். வெப்ப நாடுகளில் சின்னம்மை சற்று வயதாகியும் வருகிறது. ஆகவே பெரியவர் எல்லோருக்கும் வந்து போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சந்தேகம் இருந்தால், மாற்று அறுவைக்குக் காத்திருப்பவருக்கேனும், ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் வாரிசெல்லா ஐ.ஜி.ஜி. பரிசோதனை அவசியம். எதிர்ப்பு இல்லை என்று வந்தால் அவருக்கு முதல் தேவை சின்னம்மைத் தடுப்பூசி. உயிருள்ள கிருமி என்பதால் எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து தொடங்க 4 வாரம் முன்னதாகவே அது முடிந்திருக்க வேண்டும். அந்தக் கதவு ஒருமுறை சாத்திக்கொண்டால் திறப்பது கடினம்.

ஊசி போடும் மேசையில் நடக்கும் பிழைகளையும் சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் இரண்டு சிறு குப்பிகள். ஒன்றில் வெள்ளைப் பொடி, மற்றதில் நீர்மம். நீர்மம் வெறும் தண்ணீர் இல்லை, துணைப்பொருள் அதில்தான் இருக்கிறது. பொடியில் இருப்பது புரதம். நீர்மம் முழுவதையும் சிரிஞ்சில் இழுத்துப் பொடிக் குப்பிக்குள் செலுத்தி, கட்டி இல்லாமல் கரையும்வரை மெல்ல ஆட்டி, மறுபடி முழுவதையும் இழுத்தால் 0.5 மில்லி கிடைக்கும். நெருக்கடியான ஓ.பி.யில் நீர்மக் குப்பியை மட்டும் பார்த்து, தயாராக இருக்கும் ஊசி என்று நினைத்துப் போட்டுவிடுவது உலகெங்கும் பதிவான பிழை. நோயாளிக்குக் கை வலி மட்டும் மிஞ்சும், பாதுகாப்பு இராது. அது தவணையாகாது, முறையாகக் கலந்து திரும்பப் போட வேண்டும். பொடிக் குப்பி உடைக்காமல் மேசையில் கிடக்கிறதா என்று பார்த்தாலே இந்தப் பிழை அன்றைக்கே பிடிபடும்.

போட வேண்டியது மேற்கைத் தசையில், தோலுக்கடியில் இல்லை. கலந்தவுடன் போட வேண்டும். தாமதமானால் குளிர்பெட்டியில் 6 மணி நேரம்வரை வைக்கலாம், அதன்பின் கொட்டிவிட வேண்டும். இருப்பு வைப்பது 2 முதல் 8 டிகிரிக்குள். உறைந்துபோனதை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. நோயாளியே மருந்துக்கடையில் வாங்கி, ஐஸ் கட்டி நிரம்பிய பாலித்தீன் பையில் குப்பி நேராக ஐஸில் படும்படி எடுத்து வரும் முறை இருக்கும்வரை இந்த ஆபத்து இருக்கும். மருத்துவமனையே வாங்கி வைத்துப் போடவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு விலையைவிட இதுவே பெரிய காரணம்.

பக்கவிளைவை மூடி மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கை நன்றாக வலிக்கும். உடம்பு வலி, அசதி, காய்ச்சல், குளிர் இரண்டு மூன்று நாள் இருக்கலாம். ஆய்வுகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவுக்குச் சோர்ந்தார்கள். சொல்லாமல் விட்டால் முதல் ஊசியோடு நோயாளி ஓடிவிடுவார், இரண்டாவது போடப்படாமலே போகும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் எடுக்கலாம், வரும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கில்லன் பாரே என்ற, கைகால் தளர்ந்து செயலிழக்கும் நரம்பு நோய் மிக அரிதாக, பத்து லட்சம் ஊசிக்குச் சில பேர் என்ற அளவில், முதியவர்களிடம் காணப்பட்டது. அதையும் கேட்பவரிடம் சொல்லுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு ஒரு சொல்லும் சேர்க்க வேண்டும்: மூன்று நாள் கழிந்தும் காய்ச்சல் விடாமல் இருந்தால், அல்லது நடுவில் மூச்சுத் திணறல், சிறுநீர்க் குறைவு என்று எது வந்தாலும், ஊசிக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது.

ஊசி போட நேரம் கிடைக்காதவர்களுக்கு அசைக்ளோவிர் மாத்திரை இருக்கிறது. போர்டிசோமிப் நடக்கும் காலம் முழுவதும், முடிந்து சில வாரம்வரையும், 400 மில்லிகிராம் நாளைக்கு இரண்டு வேளை. பிறர் மஜ்ஜை மாற்றிக்கொண்டவருக்குக் குறைந்தது ஒரு வருடம். சிறுநீரக மாற்றுக்குப்பின் சைட்டோமெகலோ என்ற இன்னொரு கிருமிக்காக வால்கன்சைக்ளோவிர் எடுக்கும்வரை அதுவே அக்கியையும் தடுக்கும், அசைக்ளோவிர் தனியாக வேண்டாம். வால்கன்சைக்ளோவிர் எழுதப்படாதவருக்கு வேண்டும்.

இந்தத் தடுப்பு பெரும்பாலும் முறிவது ஒரு சீட்டில்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் பதினோராவது வரியில் “அசைக்ளோவிர் 400, 1-0-1” என்று இருக்கும். எதற்கு என்று இருக்காது, எதுவரை என்றும் இருக்காது. முப்பது நாள் மாத்திரை தீர்ந்ததும் ஊர் மருந்துக்கடையில், கோர்ஸ் முடிந்துவிட்டதே என்பார்கள். நோயாளிக்கும் ஒரு மாத்திரை குறைந்ததே என்ற ஆறுதல். “அக்கி வராமல் காக்க. இந்தத் தேதிவரை நிறுத்தக் கூடாது” என்று தமிழில் ஒரு வரி எழுதினால் இது நடக்காது. இந்த மடலில் நாங்கள் கேட்பவற்றில் செலவே இல்லாதது இதுதான்.

எவ்வளவு தடுத்தாலும் சிலருக்கு வரும். வந்தால், கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பாடமாக வேண்டும். கொப்புளம் வருவதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் முன்பே ஒரு பக்கமாக எரிச்சல் தொடங்குகிறது. சட்டை உரசினாலே சுரீர் என்கிறது. நெஞ்சுப் பக்கம் என்றால் மாரடைப்போ என்று இ.சி.ஜி. எடுப்பார்கள், விலாவுக்குக் கீழே என்றால் கல்லடைப்போ என்று ஸ்கேன் எடுப்பார்கள், வாயுப்பிடிப்பு என்று வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு உடம்பில் ஒரு பக்கம் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல் எரிகிறது என்றால் தினம் இருமுறை அந்த இடத்தின் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து, அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். காதிலும் காதைச் சுற்றியும் வந்தால் முகவாதம் பின்னால் வரலாம்.

அடுத்து, அக்கி எழுதுதல். காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றியும் மேலும் எழுதிவிடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வலியில் துடிப்பவர் அந்தக் குளிர்ச்சியைத் தேடிப் போவது எங்களுக்குப் புரிகிறது. நல்ல உடம்புக்காரருக்கு அது தானாக ஆறும் நோய் என்பதால் எழுதியதால் ஆறியது என்றும் தோன்றும். மாற்று உறுப்போடு இருப்பவருக்கு மூன்று நாள் எழுதி மூன்று நாள் பார்த்தால் 72 மணி நேரம் கடந்துவிடுகிறது. காவி உலர்ந்து பூசியிருக்கும் இடத்தில் புதுக் கொப்புளம் கிளம்புவதும் தெரியாது, சீழ் வைப்பதும் தெரியாது. எழுதுகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. “சிறுநீரகம் மாத்தினவரா, கீமோ போடறவரா, மூட்டுக்கு மாத்திரை சாப்பிடறவரா? அப்போ முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லி அனுப்ப அவர்களையே பழக்கலாம். ஊரில் அக்கியை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களுக்கும், 104 உதவி எண்ணில் பேசுபவர்களுக்கும் இதே மூன்று கேள்விகள் போதும்.

மருந்தளவில் நடக்கும் பிழைகள் இரண்டு வகை. குறைவாகக் கொடுப்பது ஒன்று. அக்கிக்கு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. தடுப்புக்குக் கொடுக்கும் 400 இரண்டு வேளையையே சிகிச்சைக்கும் எழுதுவதும், களிம்பை மட்டும் கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. களிம்பு அக்கிக்கு உதவாது. ஐந்து வேளை நினைவில் நிற்காது என்றால் வலாசைக்ளோவிர் 1 கிராம், மூன்று வேளை. ஏழு நாளாவது வேண்டும், நம் ஆட்களுக்குக் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை நீட்ட வேண்டும். 72 மணி தாண்டி வந்தாலும், தாமதம் என்று இவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, தொடங்கியே ஆக வேண்டும்.

மற்றது, சிறுநீரகத்தைப் பார்க்காமல் முழு அளவு கொடுப்பது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வடிதிறன் நிமிடத்துக்கு 30 முதல் 49 மில்லி என்றால் வலாசைக்ளோவிர் 1 கிராம் இரண்டு வேளை, 10 முதல் 29 என்றால் ஒரே வேளை, 10க்குக் கீழே என்றால் 500 மில்லிகிராம் ஒரு வேளை. டயாலிசிஸில் இருப்பவருக்கு ஊர் கிளினிக்கில் 800 ஐந்து வேளை எழுதிவிட்டால் இரண்டு மூன்று நாளில் அவர் உளறத் தொடங்குகிறார், இல்லாத ஆட்களைப் பார்க்கிறார். கிருமி மூளைக்கு ஏறிவிட்டது என்று குடும்பம் பதறும். பெரும்பாலும் ஏறியது மருந்து. நரம்பு வழியாகக் கொடுக்கும்போது, எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் எட்டு மணிக்கொருமுறை, குறைந்தது ஒரு மணி நேரம் இறக்க வேண்டும், உடம்பில் நீர்ச்சத்து நிறைய இருக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் சிறுநீர்க் குழல்களில் படிகமாகப் படிந்து, காப்பாற்ற நினைத்த சிறுநீரகமே அடிபடும். முதல் பட்டைக்கும் அதை ஒட்டியவற்றுக்கும் வெளியே இருபதுக்கு மேல் கொப்புளம் தெரிந்தாலோ, கண், மூளை, நுரையீரல் அறிகுறி இருந்தாலோ வீட்டு வைத்தியம் கிடையாது, அட்மிஷன்தான். அப்படிப் பரவியவரைத் தனி அறையில் வைக்க வேண்டும். பொது வார்டில் பக்கத்துக் கட்டிலில் சின்னம்மையே வராத இன்னொரு மாற்று நோயாளி இருக்கக்கூடும்.

நோயாளியின் வீட்டில் குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் என்ன செய்வது என்பதும் எந்தச் சீட்டிலும் இருப்பதில்லை. எதிர்ப்பு இல்லாதவருக்கு 10 நாளுக்குள் வாரிசெல்லா இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி) போடலாம், ஆனால் தேவைப்படும் நாளில் அது கைக்குக் கிடைப்பது அரிது. தொடர்பு ஏற்பட்ட ஏழாம் நாள் தொடங்கி ஏழு நாள் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் நான்கு வேளை, சிறுநீரகத்துக்கேற்பக் குறைத்துக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். வீட்டுக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சின்னம்மைத் தடுப்பூசி போட்டுவைப்பது இதையெல்லாம்விட எளிது.

செலவுக்கு வருவோம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி இல்லை. வெளியில் ஒரு தவணை சுமார் 10,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 20,000 என்பது நம் ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எட்டாத தொகை. ஐம்பது தாண்டிய எல்லோருக்கும் அரசு போட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றுக்கும் மஜ்ஜை மாற்றுக்கும் பணம் ஒதுக்குகிறோம். அந்தத் தொகுப்புக்குள்ளேயே இரண்டு தவணையைச் சேருங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலையும் பேசலாம், குளிர்சங்கிலியும் அறுபடாது. முதல் வருடம் நான்கு கூட்டத்துக்கு மட்டும் போதும்: மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்தவர்கள், மஜ்ஜை மாற்று முடித்தவர்கள், மையலோமா நோயாளிகள், ஜாக் தடுப்பு மாத்திரை தொடங்கப்போகிறவர்கள். லூபஸ் நோயாளிகளும் ஏ.ஆர்.டி. மையத்தினரும் அடுத்த வருடம் சேரட்டும். எல்லோரையும் ஒன்றாகச் சேர்க்க நினைத்துத் தொடங்காமலே விடுவதைவிட இது மேல்.

துறைத் தலைவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. எதிர்ப்பாற்றல் குறைக்கும் முதல் மாத்திரையை எழுதும் நாளில் நோயாளி நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரை குத்துங்கள். சின்னம்மை: வந்தது, வரவில்லை, பரிசோதிக்க வேண்டும். ஊசி 1, தேதி. ஊசி 2, தேதி. அசைக்ளோவிர்: எதுவரை. ஒரு பக்கமாக எரிச்சலோ கொப்புளமோ வந்தால் அழைக்க வேண்டிய எண். எண்ணுக்கு நேரே வார்டு தொலைபேசி போதாது, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எடுக்கிற ஒரு எண் வேண்டும்.

இப்படிக்கு,
எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு மருந்து எழுதும் மருத்துவர்கள், ஊசி போடும் செவிலியர்கள், மாத்திரை கொடுக்கும் மருந்தாளுநர்கள்